மவுண்டன் ஆஷ் காட்டைப் படிப்பது எப்படி? மெல்பர்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குளிர்காலம் வந்துவிட்டால் மெல்பர்னில் இருக்கும் நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக லேக் மவுண்டனுக்குப் பனி பார்க்கக் கிளம்புவார்கள். விடியற்காலையில் எழுந்து புளிசாதம் கட்டி, பிள்ளைகளுக்கு மூன்று அடுக்கு உடுப்பு மாட்டி, ஹீல்ஸ்வில் தாண்டி மலை ஏறுவோம். நானும் முதல் மூன்று வருடம் அப்படித்தான் போனேன். பனியில் விளையாடிவிட்டுத் திரும்பும்போது காரில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அந்த வழியில், பிளாக் ஸ்பர் என்ற மலைப்பாதையின் இரண்டு பக்கமும், பூக்கும் தாவரங்களிலேயே உலகத்தில் மிக உயரமாக வளரும் மரம் நிற்கிறது என்று நான்காவது வருடம்தான் எனக்குத் தெரிய வந்தது.

அதுதான் மவுண்டன் ஆஷ். தாவரவியல் பெயர் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ். விக்டோரியாவின் அரசுத் தாவரவியலாளராக இருந்த ஃபெர்டினாண்ட் வான் முல்லர் 1871-இல் வைத்த பெயர் அது. ரெக்னன்ஸ் என்றால் லத்தீனில் ஆட்சி செய்வது என்று பொருள். விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் மட்டும்தான் இது இயற்கையாக வளர்கிறது. மழை நிறையப் பெய்யும் மலைச்சரிவுகள், குளிர்ச்சி, ஆழமான மண், இந்த மூன்றும் வேண்டும்.

முதல் தடவை இந்தக் காட்டுக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்து, "அப்பா, எவ்வளவு உயரம்!" என்று சொல்லி, ஒரு படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உயரம் முதல் பத்து நிமிடத்துக்குத்தான். ஒரு சரிவைப் பார்த்து "இது 1939, அது 2009" என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் இந்தக் காடு எனக்குப் பிடிபட்டது. அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம்

"யூகலிப்டஸ்தானே, ஊட்டியில் பார்க்காததா?" என்று பலர் கேட்பார்கள். நான் குன்னூர்க்காரன், எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. நீலகிரியில் நாம் கற்பூர மரம் என்று சொல்வதும், நீலகிரித் தைலம் காய்ச்சுவதும் பெரும்பாலும் புளூ கம் என்ற வேறோர் இனம். அதற்கும் பூர்வீகம் இதே டாஸ்மேனியாவும் தெற்கு விக்டோரியாவும்தான். ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காக நம் மலைக்குக் கொண்டுவரப்பட்டது. யூகலிப்டஸ் குடும்பத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டால் எல்லாவற்றையும் பார்த்தது ஆகாது.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது ஷெர்புரூக் காட்டுக்கு அழைத்துப் போனேன். கீழே கிடந்த இலையை எடுத்துக் கசக்கி, கண்ணை மூடி மோந்து பார்த்தார். "நம்ம தைல வாசம் இல்லையே தம்பி" என்றார். அப்புறம் தரையில் கிடந்த காயைக் கையில் எடுத்து, "இது என்ன, மிளகு மாதிரி இருக்கு?" என்றார். குன்னூரில் நாங்கள் கோலிக்குப் பதிலாக விளையாடிய புளூ கம் காய் பெரிய சட்டைப் பொத்தான் அளவு இருக்கும், மேலே மாவு பூசியது போல வெள்ளை படிந்திருக்கும். மவுண்டன் ஆஷ் காய் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இவ்வளவு பெரிய மரத்துக்கு இவ்வளவு சின்னக் காய். அப்பா அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது குழப்பம் பெயரில். இங்கே ஆஷ் என்பது சாம்பல் இல்லை. ஐரோப்பாவில் ஆஷ் என்றொரு மரம் இருக்கிறது. இந்த மரத்தை அறுத்தபோது பலகை அதைப் போல இருந்ததால் குடியேறிகள் அதே பெயரை வைத்துவிட்டார்கள். தரைப்பலகைக் கடையில் "விக்டோரியன் ஆஷ்", "டாஸ்மேனியன் ஓக்" என்று விற்பதிலும் இந்த மரம் உண்டு. ஓக்கும் இல்லை, ஆஷும் இல்லை, யூகலிப்டஸ்தான்.

எங்கே போவது

கார் இல்லாதவர்களுக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் டான்டெனாங் மலையில் உள்ள ஷெர்புரூக் காடுதான் சரி. நகரத்திலிருந்து பெல்கிரேவ் ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை போனால் காட்டின் ஓரத்திலேயே இறங்கலாம். காரில் போகிறவர்கள் காலிஸ்டா ஊர் அருகே கிரான்ட்ஸ் பிக்னிக் கிரவுண்டில் நிறுத்தலாம். அங்கிருந்தே ஹார்டி கல்லி என்ற சின்னச் சுற்றுப்பாதை தொடங்குகிறது. வயதானவர்களும் மெதுவாக நடக்கலாம்.

காட்டின் வயதைப் படிக்க வேண்டும் என்றால் ஹீல்ஸ்வில்லிலிருந்து நார்பெத்தாங், மேரிஸ்வில் வழியாக லேக் மவுண்டன் போகும் சாலைதான் பள்ளிக்கூடம். இது உருன்ஜெரி, டாங்குரங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அந்தப் பாதையை இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

மெல்பர்னை விட்டுத் தூரம் போகிறவர்களுக்கு ஆட்வே மலைகள், கிப்ஸ்லாந்தில் டாரா புல்கா தேசியப் பூங்கா, டாஸ்மேனியாவில் மவுண்ட் ஃபீல்டு. மவுண்ட் ஃபீல்டில் ரஸ்ஸல் அருவிக்கு அருகே உயர்ந்த மரங்களுக்கென்றே ஒரு நடைபாதை இருக்கிறது.

ஈஸ்ட் வார்பர்ட்டனில் நேர்வரிசையில் மரங்கள் நிற்கும் ஒரு தோப்பு இருக்கிறது. கல்யாணப் படம் எடுக்க நம் ஆட்கள் அதிகம் போகும் இடம். அது கலிஃபோர்னியா ரெட்வுட், 1930-களில் நட்டது. அழகான இடம்தான், போகலாம். ஆனால் அதுதான் மவுண்டன் ஆஷ் என்று நினைத்துவிட வேண்டாம். அதைச் சுற்றியிருக்கும் மலைகளில் நிற்பதுதான் நாம் தேடுவது.

எந்த நாளில் போகக்கூடாது

காற்று பலமாக வீசும் நாளில் போகக்கூடாது. இந்த மரத்தின் ஒரு கிளையே ஊரில் ஒரு முழு மரத்தின் பருமன் இருக்கும். 2021 ஜூன் மாதப் புயலில் டான்டெனாங் மலையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன, பல வீடுகள் நொறுங்கின. காற்று அடிக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நல்ல நாளிலும் பெரிய மரத்தின் கீழ் பாய் விரித்துச் சாப்பிட உட்கார வேண்டாம். மரம் இல்லாத புல்வெளியாகப் பார்த்து உட்காருங்கள்.

கோடையில் காட்டுத்தீ அபாய அளவைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக் என்று நான்கு நிலைகள். கடைசி நிலை அறிவித்தால் பூங்காக்களை மூடிவிடுவார்கள். அதற்கு முந்தைய நிலையிலேயே நான் போக மாட்டேன், விருந்தினர் வந்திருந்தாலும் சரி. அவசர எச்சரிக்கை தரும் விக்எமர்ஜென்சி செயலியை வீட்டிலேயே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

மற்றபடி ஆண்டு முழுவதும் போகலாம். கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் பட்டை உரியும், மார்ச் முதல் மே வரை வெள்ளைப் பூ பூக்கும். எனக்குப் பிடித்தது ஜூன், ஜூலை. மூடுபனியும் இருக்கும், லயர்பேர்டு என்ற பறவையும் பாடும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான்: பைனாகுலர், மழைக்கோட்டு, நல்ல பிடிப்புள்ள ஷூ, காலை மூடும் உடை. அட்டை உண்டு, தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதில்லை. போவதற்கு முன்னும் வந்த பின்னும் ஷூவில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வேரழுகல் நோய்கள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு மண்ணோடுதான் போகின்றன.

படி 1: தரையில் ஆரம்பியுங்கள்

காட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கத்தான் தோன்றும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு முதலில் குனியுங்கள். இலை எழுபது மீட்டர் உயரத்தில் இருக்கும்போது மேலே பார்த்து மரத்தை அடையாளம் காண முடியாது. ஆனால் அடையாளம் காணத் தேவையான எல்லாவற்றையும் மரமே கீழே போட்டு வைத்திருக்கும்.

முதலில் இலை. அரிவாள் போல வளைந்தது, இரண்டு பக்கமும் ஒரே பச்சை. காம்பில் சேரும் இடத்தில் ஒரு பாதி மேலேயும் மறுபாதி சற்றுக் கீழேயும் முடியும். அடுத்து காய். சிறிய கூம்பு, வாயில் பெரும்பாலும் மூன்று பிளவுகள். அதிர்ஷ்டம் இருந்தால் காற்றில் முறிந்த ஒரு சிறு கிளை மொட்டோடு கிடைக்கும். அதுதான் உறுதியான சாட்சி. மொட்டுகள் கதாயுதம் போல இருக்கும், ஒரு கொத்தில் ஏழு முதல் பதினைந்து வரை. முக்கியமாக, ஓர் இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு கிளையோடு சேரும் மூலையில், ஒரு கொத்து இல்லை, இரண்டு கொத்து. இரட்டைக் கொத்தைப் பார்த்துவிட்டால் மவுண்டன் ஆஷ் என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த மலைகளில் இதோடு சேர்ந்து நிற்கும் மற்ற பெரிய யூகலிப்டஸ் மரங்களுக்கு அப்படி இருக்காது.

பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். தேசியப் பூங்காவிலிருந்து காய், இலை, பெரணி எதையும் எடுத்து வரக்கூடாது.

படி 2: அடிமரத்தைத் தொட்டுப் பாருங்கள்

வளர்ந்த மரத்தின் அடியில் பட்டை நார்நாராக, கரடுமுரடாக இருக்கும். பாவாடை கட்டியது போல ஐந்து மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் வரை இது போகும். அதற்கு மேலே சட்டென்று மாறிவிடும். வெள்ளையும் சாம்பலும் கலந்த வழவழப்பான தண்டு, அதிலிருந்து நீண்ட நாடாக்களாகப் பட்டை உரிந்து தொங்கும். மெல்லிய காற்றில் அந்த நாடாக்கள் தண்டில் தட்டும் சத்தம், தூரத்தில் யாரோ ஓலை முடைவது போலக் கேட்கும். இந்தச் சத்தத்தைக் கேட்க ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நில்லுங்கள்.

இந்தப் பட்டையை வைத்தே மற்ற மரங்களைப் பிரித்துவிடலாம். கரடுமுரடான பட்டை கிளை வரை போனால் மெஸ்மேட். பாதித் தண்டு வரை நார்ப்பட்டையும், இடம் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரமுமாக இருந்தால் பெரும்பாலும் ஆல்பைன் ஆஷ். அடியிலிருந்தே வழவழவென்று இருந்தால் மவுண்டன் கிரே கம். முதல் நாளே எல்லாம் பிடிபடாது, நானே இரண்டு வருடம் மெஸ்மேட்டைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படி 3: உயரத்தை அளந்து பாருங்கள்

இப்போது அண்ணாந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே வைக்கலாம். ஒருவரை மரத்தடியில் நிறுத்துங்கள். நீங்கள் மரத்தின் உச்சியும் அடியும் தெரியும் இடம் வரை பின்னால் போங்கள், அடர்ந்த காட்டில் முடியாது, பிக்னிக் கிரவுண்டு ஓரத்து மரம்தான் வசதி. கையை நேராக நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, அடியில் நிற்பவரின் உயரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு மரத்தில் எத்தனை தடவை ஏறுகிறது என்று எண்ணுங்கள். ஆள் 170 சென்டிமீட்டர், நாற்பது தடவை ஏறினால் மரம் 68 மீட்டர். துல்லியமாக இருக்காது, ஆனாலும் மனசில் பதியும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஏறத்தாழ 72 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

இன்று உயிரோடு நிற்பவற்றில் மிக உயரமானது தெற்கு டாஸ்மேனியாவில் உள்ள செஞ்சூரியன். 2008-இல் விமானத்திலிருந்து லேசர் கொண்டு காட்டை அளந்தபோது கண்டுபிடித்தார்கள். 2018-இல் அளந்தபோது 100.5 மீட்டர். அடுத்த ஆண்டே காட்டுத்தீ அதன் அடியை எரித்தது, மரம் பிழைத்துக்கொண்டது. இதைவிட உயரமானவை விக்டோரியாவில் இருந்தன. 1880-களில் தார்ப்டேல் அருகே கார்ன்த்வைட் என்ற சர்வேயர் அளந்த மரம் 114 மீட்டர். ஹீல்ஸ்வில் பக்கத்தில் 133 மீட்டர் மரம் ஒன்று விழுந்து கிடந்ததாக 1872-இல் ஓர் அறிக்கை உண்டு, அதைச் சரிபார்க்க இப்போது வழியில்லை. அந்த உயரத்து மரங்களை வெட்டித் தீர்த்துவிட்டார்கள், மிச்சத்தைத் தீ எடுத்துக்கொண்டது.

படி 4: காட்டின் வயதைப் படியுங்கள்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. இதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஒரு நாள் முழுவதும் வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான யூகலிப்டஸ் மரங்கள் எரிந்தாலும் சாகாது. சில வாரங்களில் கரிந்த தண்டிலிருந்தே பச்சைத் தளிர் வெடிக்கும், அல்லது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போன்ற அடியிலிருந்து துளிர்க்கும். மவுண்டன் ஆஷ் அப்படி இல்லை. மேல்பட்டை மெல்லியது, அடியில் கிழங்கும் கிடையாது. கடுமையான தீ வந்தால் மரம் செத்துவிடும். ஆனால் சாகும்போது உச்சியில் இருக்கும் காய்கள் வெடித்து, விதை மழையாகச் சாம்பல் மேல் கொட்டும். நிழலும் இல்லை, போட்டியும் இல்லை, சாம்பல் உரம் இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் இருபத்தைந்து லட்சம் நாற்று வரை முளைக்கும். அத்தனையும் வெளிச்சத்துக்கு அடித்துப்பிடித்து வருடத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வளரும். பின்தங்கியவை சாகும். முதிர்ந்த காட்டில் அதே ஹெக்டேரில் மிஞ்சுவது முப்பது முதல் எண்பது மரங்கள்தான்.

அதனால் ஒரு சரிவில் உள்ள மரங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வயது. அந்த வயது, கடைசியாகத் தீ வந்த ஆண்டு. இது தெரிந்துவிட்டால் காரில் போய்க்கொண்டே படிக்கலாம்.

ஹீல்ஸ்வில் தாண்டியதும் ஃபெர்ன்ஷா பிக்னிக் கிரவுண்டில் நிறுத்துங்கள். அங்கே ஒரு காலத்தில் ஃபெர்ன்ஷா என்ற ஊரே இருந்தது. மெல்பர்னுக்குக் குடிநீர் வரும் ஆற்றங்கரை என்பதால் 1880-களில் அந்த ஊரையே காலி செய்துவிட்டார்கள். இப்போது புல்வெளியும் மேசைகளும்தான். அங்கே டீ குடித்துவிட்டு பிளாக் ஸ்பர் ஏறுங்கள். பாதை குறுகலானது, வளைவுகள் அதிகம், லாரிகள் வரும். படம் எடுக்க நடுவில் எங்கேயும் நிறுத்தாதீர்கள். மேலே டாம் டாம் சேடில் பிக்னிக் இடம் வரை பொறுத்திருங்கள்.

அங்கே இறங்கிப் பார்த்தால், தண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன். ஓட்டு வீட்டுத் தூண் போல நேராக, யாரோ அளந்து நட்டது போல நிற்கும். யாரும் நடவில்லை. 1939 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை, விக்டோரியா எரிந்தது. 71 பேர் இறந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்ட மர அறுவை ஆலைகள் சாம்பலாயின. கறுப்பு வெள்ளி என்று இன்றும் சொல்கிறார்கள். இந்த மலைகளில் நீங்கள் பார்க்கும் நெடுமரங்களில் பெரும்பகுதி அந்த வாரத்துச் சாம்பலில் முளைத்தவை. தூண்களுக்குக் கீழே இரண்டாவது தளமாக வாட்டில் மரங்களும் பிளாக்வுட்டும், அதற்குக் கீழே மரப்பெரணிகள் குடை விரித்து நிற்கும். ஊட்டியில் நாம் சீகை என்று சொல்லும் வாட்டிலும் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

அடுத்து நார்பெத்தாங் தாண்டி மேரிஸ்வில். 2009 பிப்ரவரி 7 அன்று இந்த ஊர் எரிந்தது. விக்டோரியா முழுவதும் அன்றைய தீயில் 173 பேர் இறந்தார்கள். ஊருக்குள் போகும்போது கொஞ்சம் மரியாதையோடு போங்கள், உறவுகளை இழந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஊரிலிருந்து லேக் மவுண்டன் ஏறும் சாலையில் காடு முற்றிலும் வேறு மாதிரி இருக்கும். இலையில்லாத வெளுத்த தண்டுகள் எலும்பு போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் காலடியில் நெருக்கமாக, உள்ளே ஆள் நுழைய முடியாதபடி மெலிந்த இளமரங்கள். உச்சி கூர்மையாக இருக்கும். மேலே நிற்பது 2009-இல் செத்த தலைமுறை, கீழே நிற்பது அதன் விதை. இன்னும் மேலே ஏறினால் ஆல்பைன் ஆஷ் வரும், அதற்கும் மேலே பனி விழும் இடத்தில் முறுக்கிக்கொண்டு குட்டையாக நிற்பது ஸ்னோ கம்.

மூன்றாவது பாடம் முதுகாடு, அதாவது மரங்கள் முதிர்ந்து நிற்கும் பழைய காடு. இதைப் பார்க்க வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பவல்டவுன் அருகே ஏடா மரம் என்று ஒன்று இருக்கிறது. உயரம் 76 மீட்டர், அடியில் சுற்றளவு ஏறத்தாழ 15 மீட்டர், வயது முந்நூறைத் தாண்டும். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் போய்வரும் நடை. மண்சாலை மழைக்காலத்தில் மூடியிருக்கலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகாட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், பருமன் ஒன்றுபோல இருக்காது. உச்சி முறிந்திருக்கும். அடியில் பழைய தீ குடைந்த கருகிய குகை இருக்கும், மெதுவாக வந்த தீயை அந்த மரம் தாங்கிப் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். கீழே பாசி படிந்து மிர்ட்டில் பீச் மரங்கள் வளரும். நானூறு ஆண்டுகள் தீயே வராமல் இருந்தால் மவுண்டன் ஆஷ் முதுமையில் விழுந்து, அந்த இடம் மிர்ட்டில் பீச் மழைக்காடாக மாறிவிடும். தீ அடிக்கடி வந்தாலும் அழிவு, வராமலே இருந்தாலும் அழிவு.

படி 5: பொந்துகளைத் தேடுங்கள்

பைனாகுலர் இப்போதுதான் வேலைக்கு வரும். முதிர்ந்த மரங்களிலும் செத்த மரங்களிலும் கிளை முறிந்த இடத்தில் பொந்து தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு நல்ல பொந்து உருவாக நூற்று இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். 1939 மரங்களுக்கே இன்னும் அந்த வயது வரவில்லை. லெட்பீட்டர்ஸ் போசம் என்ற, உள்ளங்கையில் அடங்கும் விலங்கு இந்தப் பொந்துகளில்தான் குடும்பமாக வாழ்கிறது. அழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு, 1961-இல் மேரிஸ்வில்லுக்குக் கிழக்கே கேம்பர்வில்லில் மறுபடியும் கண்டார்கள். விக்டோரியாவின் மாநில விலங்கும் அதுதான். பகலில் வெளியே வராது, பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதன் வீடு எது என்று தெரிந்துகொண்டால் போதும். செத்த மரம் ஒன்றுக்கும் உதவாது என்று நினைக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் போயிற்று.

இந்த மாநிலத்தில் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது 2024 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. மனதார வரவேற்கிறேன். ஆலை வேலையை நம்பியிருந்த சிற்றூர்க் குடும்பங்களுக்கு அது பெரிய அடி என்பதையும் வார்பர்ட்டன் பக்கம் டீக்கடையில் பேசிக் கேட்டிருக்கிறேன்.

லயர்பேர்டுக்காகக் காத்திருப்பது

ஷெர்புரூக்கில் குளிர்காலக் காலையில் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பழுப்பு நிறம், கோழி அளவு, ஆணுக்கு நீண்ட வால். மற்ற பறவைகளின் குரலை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடும். நாலைந்து விதப் பறவைகள் ஒரே புதரிலிருந்து மாறி மாறிக் கூவினால் அங்கே இருப்பது ஒரே ஒரு பறவை. பாதையை விட்டு இறங்காமல், பேசாமல் நில்லுங்கள். தீனி போடக்கூடாது, எந்தப் பறவைக்கும்.

வீட்டுக் குழாயில் வரும் காடு

மெல்பர்னில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம் அல்லவா, அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு இந்த மலைகளிலிருந்து வருகிறது. நகருக்குக் குடிநீர் தரும் ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டுக்குள் பொதுமக்கள் நுழையவே அனுமதி இல்லை. வேலி போட்டிருக்கும், எச்சரிக்கைப் பலகை இருக்கும். "சும்மா ஒரு நூறு அடி உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க ஹீல்ஸ்வில்லில் மருண்டா அணைப் பூங்கா இருக்கிறது.

இங்கேயும் மரத்தின் வயதுதான் கணக்கு. 1939 தீக்குப் பிறகு இளங்காடு வேகமாக வளர்ந்தபோது ஓடைகளில் தண்ணீர் குறைந்தது. ஜார்ஜ் குசெரா என்ற நீரியல் அறிஞர் 1985-இல் அதை வளைகோடாக வரைந்து காட்டினார். மவுண்டன் ஆஷ் காடு எரிந்து முளைத்தால், சுமார் இருபத்தைந்து, முப்பது ஆண்டில் ஓடைநீர் பாதியாகக்கூடக் குறையும், பழைய அளவுக்குத் திரும்ப நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். இளமரம் அவ்வளவு குடிக்கிறது. முதுகாடு கொஞ்சமாகக் குடித்து மிச்சத்தை ஓடைக்கு விடுகிறது. நீலகிரியில் கற்பூர மரம் வைத்த இடத்தில் ஊற்று வற்றிவிட்டது என்று எங்கள் பாட்டி சொல்வார். அங்கே அது வெளியிலிருந்து வந்த வேறோர் இனம், புல்வெளியில் நட்டார்கள். இங்கே இது சொந்த மண்ணில் நிற்கும் காடு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்த பனிப் பயணத்தில்

லேக் மவுண்டனிலிருந்து திரும்பும்போது, வெளிச்சம் இருக்கையிலேயே கிளம்பி, சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்த இடமுள்ள ஒரு திருப்பத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 2009-இல் முளைத்த மவுண்டன் ஆஷ் மரங்களின் உச்சியைப் பைனாகுலரில் பாருங்கள். நாற்று வளர்ந்து தன் காயைத் தானே தாங்க பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். அதற்குள் இன்னொரு பெருந்தீ வந்தால் கொட்டுவதற்கு விதை இருக்காது, அந்தச் சரிவில் மவுண்டன் ஆஷ் திரும்ப வராது. வாட்டில் மட்டும் மிஞ்சும். விக்டோரியாவின் ஆஷ் காடுகளில் அப்படி இருமுறை எரிந்த இடங்களுக்கு ஹெலிகாப்டரில் விதை தூவியிருக்கிறார்கள்.

அதனால் ஒவ்வொரு தடவையும் நான் முதலில் தேடுவது காய்தான். போன வருடம் ஏப்ரலில் மழை விட்டிருந்த ஒரு பிற்பகல், அந்தச் சாலையோரத்தில் என் மகள் காற்று முறித்துப் போட்ட ஒரு சுள்ளியை எடுத்து வந்தாள். நுனியில் ஓர் இலைக்கக்கம், அதில் அடுத்தடுத்து இரண்டு கொத்து. எண்ணிப் பார்த்தோம். ஒன்றில் ஒன்பது மொட்டு, மற்றதில் பதினொன்று. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.